நடுக்களத்தில் காவல் இல்லாமல் ஓர் இறுதிப் போட்டி: பெப்பைக் கேள்வி கேட்டால் என்ன தவறு?

ஐந்துரோட்டான் | 17 மே 2025, இரவு 11.48

மான்செஸ்டர் சிட்டி கால்பந்து அணியின் ரசிகனாகத்தான் இதை எழுதுகிறேன். பயிற்சியாளர் பெப் குவார்டியோலாவை வீட்டுக்கு அனுப்பு என்று கூச்சலிடும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். 2016-இல் வந்தவர். ஆறு லீக் பட்டங்கள். அவற்றில் நான்கு தொடர்ச்சியாக. இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கில் அதற்கு முன் எவரும் செய்யாத காரியம் அது. 2023-இல் ஒரே பருவத்தில் மூன்று பெரிய கோப்பைகள். சின்னதும் பெரியதுமாகச் சிட்டிக்கு மட்டும் 18 கோப்பைகள். இதைப் பட்டியல் போட்டு யாரும் என் வாயை அடைக்க வேண்டாம் என்பதற்காகவே நானே முதலில் போட்டுவிட்டேன்.

இனி விஷயம். லண்டன் வெம்ப்ளி அரங்கில் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டி: கிரிஸ்டல் பேலஸ் 1, சிட்டி 0. பேலஸ் கிளப்புக்கு இதுதான் முதல் பெரிய கோப்பை. அவர்களை மனதார வாழ்த்துகிறேன். ஆனால் அணிப் பட்டியல் வந்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. நடுவில் பெர்னார்டோ சில்வா, 33 வயது டி புருய்னே. இருபுறமும் டோகு, சாவின்யோ. முன்னே மர்மூஷ், அவருக்கும் முன்னே ஹாலண்ட். தடுப்பதையே தொழிலாகக் கொண்ட நடுக்கள வீரர் முதல் பதினொருவரில் ஒருவர்கூட இல்லை. வழக்கமாக அந்த இடத்தில் நிற்கும் ரோட்ரி காயத்திலிருந்து மீண்டு இன்னும் தயாராகவில்லை, சரி. கோவாசிச்? குண்டோகன்? தொடக்கத்தில் இருவருமே இல்லை.

16-ஆவது நிமிடம் நடந்ததை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். சிட்டி தாக்கிக்கொண்டிருக்கிறது, எல்லோரும் மேலே. பேலஸ் பந்தை நீளமாக வெளியே எடுக்கிறது. மட்டேட்டா முதுகைக் கொடுத்துப் பந்தை அடக்குகிறார். வலப்பக்கம் முன்யோஸ் ஓடுகிறார். அவருக்கு எதிரே இருக்க வேண்டிய ஆள் இன்னும் திரும்பி வரவில்லை. கிராஸ் வருகிறது. எஸே பந்து தரையைத் தொடும் முன்பே உதைத்துவிடுகிறார். பந்து பாதி மைதானத்தைக் கடக்கும்போது குறுக்கே கால் நீட்டி, தேவையானால் ஒரு ஃபவுல் செய்து மஞ்சள் அட்டை வாங்கிக்கொள்ளும் ஆள் ஒருவர் வேண்டும். அந்த இடம் காலி.

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. 36-ஆவது நிமிடப் பெனால்டியை மர்மூஷ் அடித்தார், பேலஸ் கோல்காப்பாளர் ஹெண்டர்சன் தடுத்துவிட்டார்; ஹாலண்ட் ஏன் அடிக்கவில்லை? பின்தங்கியிருக்கும் அணி 76-ஆவது நிமிடத்தில் எச்செவெரி என்ற 19 வயதுப் பையனைச் சிட்டிக்காக அவன் ஆடும் முதல் ஆட்டமாகவே இறக்குகிறது. 10 கோடி பவுண்டு கொடுத்து வாங்கிய கிரீலிஷ் கடைசிவரை உட்கார்ந்தே இருக்கிறார். இது என்ன கணக்கு?

சேலத்துச் சிட்டி ரசிகர்கள் யாராவது விழித்திருந்தால் பதில் சொல்லுங்கள்.

பீரங்கிப்படை | 17 மே 2025, இரவு 11.56

விழித்திருக்கிறேன், ஆனால் ஆர்சனல் ரசிகன். வெடி வாங்கக் கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கேட்டதற்கு ஒரே பதில்தான்: பிப்ரவரியில் நாங்கள் 5-1 என்று அடித்தபோதே அந்த நடுக்களம் எங்கள் ஆட்களுக்குப் பூங்காவாகத்தான் இருந்தது. மூன்று மாதத்தில் எதுவும் மாறவில்லை.

பழைய லெஃப்ட்பேக் | 18 மே 2025, அதிகாலை 12.20

தம்பி ஐந்துரோட்டான், வயிறு கலங்கியது இருக்கட்டும். ஆட்டத்தின் புள்ளிவிவரத்தைப் பார்த்தீர்களா? முக்கால் பங்குக்கும் மேல் பந்து சிட்டியிடம்தான் இருந்தது. கோலை நோக்கி அடித்ததும் பேலஸைவிடப் பல மடங்கு. பெனால்டி கிடைத்தது. ஹெண்டர்சன் பெனால்டிப் பகுதிக்கு வெளியே வந்து பந்தைக் கையால் தட்டினார். வீடியோ நடுவர் பார்த்துவிட்டுச் சிவப்பு அட்டை வேண்டாம் என்றுவிட்டார். அந்தப் பெனால்டி உள்ளே போயிருந்தால், அல்லது ஹெண்டர்சன் வெளியேறியிருந்தால், இந்நேரம் நீங்களே "ஆறு தாக்குதல்காரர்களை இறக்கிய துணிச்சல்" என்று எழுதிக்கொண்டிருப்பீர்கள்.

நான் சூரமங்கலம் ரயில்வே குடியிருப்புப் பக்கம் பந்து உதைத்து வளர்ந்தவன். எங்கள் காலத்திலும் தோற்ற அன்று இரவு எல்லோரும் பயிற்சியாளர் ஆகிவிடுவார்கள். அணித் தேர்வைக் குறை சொல்வதானால் ஆட்டம் தொடங்கும் முன் சொல்ல வேண்டும்.

ஐந்துரோட்டான் | 18 மே 2025, அதிகாலை 12.41

அண்ணா, முன்னாலேயே சொல்லியிருந்தால் "பொறுத்திருந்து பார் தம்பி" என்றிருப்பீர்கள். பின்னால் சொன்னால் "தோற்றபின் பேசாதே" என்கிறீர்கள். அப்படியானால் எப்போதுதான் பேசுவது?

பந்து நம்மிடம் இருந்தது உண்மை. பேலஸுக்கு அது வேண்டியதே இல்லையே! அவர்கள் பயிற்சியாளர் ஒலிவர் கிளாஸ்னர் மூன்று சென்டர்பேக் (நடுத் தடுப்பு வீரர்கள்), இரண்டு பக்கமும் முன்யோஸ், மிட்செல், நடுவில் வார்ட்டன், கமாடா என்று கதவைச் சாத்திவிட்டு, எஸே, சார், மட்டேட்டா மூவரை மட்டும் வாசலில் நிறுத்தியிருந்தார். அந்த மூவருக்கும் இடம் கொடுக்காமல் இருப்பதுதான் அன்றைய ஒரே வேலை. பெப்புக்கு இது தெரியாததா? தெரிந்தும் அந்த வேலைக்கென்று யாரையும் வைக்கவில்லை என்பதுதான் என் புகார்.

காப்பித்தோட்டம் | 18 மே 2025, காலை 7.15

ஏற்காட்டில் நேற்று மழை. இரண்டாம் பாதி தொடங்கியதும் மின்சாரம் போய்விட்டது. மிச்சத்தைக் கைபேசியில் நின்று நின்று பார்த்தேன். ஹாலண்ட் ஓடத் தொடங்குவார், படம் உறையும். திரும்ப வரும்போது பேலஸ்காரர் பந்தை வெளியே அடித்திருப்பார். ஒருவகையில் அந்த ஆட்டத்தை அப்படிப் பார்த்ததே போதும் என்றிருந்தது.

ஐந்துரோட்டான் தம்பி சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. ஏப்ரல் 12 அன்று இதே பேலஸ் சிட்டியின் மைதானத்துக்கு வந்து முதலில் இரண்டு கோல் அடித்தது. பிறகு என்ன ஆனது? 5-2. டி புருய்னே அன்று ஆடிய ஆட்டம் ஐந்து வருடத்துக்கு முந்தைய டி புருய்னேவின் ஆட்டம். மர்மூஷும் கோல் அடித்தார். ஐந்து வாரத்துக்கு முன் இதே எதிரணியைப் பிரித்துப் போட்ட ஆட்களை மறுபடி நம்பியது எப்படிக் கிறுக்குத்தனம் ஆகும்? பெப்பின் இடத்தில் நான் இருந்தாலும் டி புருய்னேவை வெளியே வைத்திருக்க மாட்டேன். கிளப்பை விட்டுப் போகப்போகிறார் என்று அறிவித்தாயிற்று. வெம்ப்ளியில் அவருக்கு இது கடைசி வாய்ப்பு.

ஐந்துரோட்டான் | 18 மே 2025, காலை 8.02

அக்கா, அந்த 5-2 ஆட்டத்தில் கோவாசிச் இருந்தார். இடைவேளை முடிந்ததும் மூன்றாவது கோலை அடித்தவரே அவர்தான். டி புருய்னே மேலே சுதந்திரமாகத் திரிந்தது பின்னால் ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொண்டதால். நேற்று டி புருய்னேவே அந்த வீட்டையும் பார்க்க வேண்டியிருந்தது. ஆளை நம்பியதைக் குறை சொல்லவில்லை. அவரை நிறுத்திய இடத்தைத்தான் சொல்கிறேன்.

இது முதல் முறையாக இருந்தால் நானும் விட்டுவிடுவேன். 2021 மே 29, போர்ட்டோ நகரம், சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டி. பருவம் முழுவதும் ரோட்ரி அல்லது ஃபெர்னாண்டின்யோ, இருவரில் ஒருவரை நம்பியே ஓடிய அணி அது. அன்று இருவரையும் வெளியே உட்காரவைத்துவிட்டு, குண்டோகனைப் பின்னால் தள்ளி, ஸ்டெர்லிங்கை உள்ளே கொண்டுவந்தார். 42-ஆவது நிமிடம், செல்சீயின் மேசன் மவுன்ட் கொடுத்த ஒரே பாஸ் நடுக்களம் முழுவதையும் கிழித்துக்கொண்டு போனது. ஹாவெர்ட்ஸ் ஓடிப்போய்க் கோல் போட்டார். 1-0. ஃபெர்னாண்டின்யோ 64-ஆவது நிமிடத்தில்தான் உள்ளே வந்தார்.

நேற்றும் அதே 1-0. அதே ஓட்டை.

பழைய லெஃப்ட்பேக் | 18 மே 2025, காலை 8.30

அதற்கு முந்தைய வருடத்து லியோன் ஆட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். லிஸ்பனில் மூன்று பேரைத் தடுப்பில் வைத்துக் காவலைக் கூட்டினார்; அப்போதும் 3-1 என்று தோற்றது. காவலைக் கூட்டியதால்தான் தோற்றது என்று அன்று எழுதினார்கள், குறைத்ததால் தோற்றது என்று இன்று எழுதுகிறார்கள். ஸ்டெர்லிங் காலியான கோலுக்கு முன்னால் நின்று பந்தை மேலே தூக்கி அடித்ததை அணித் தேர்வு என்று சொல்ல முடியுமா?

காப்பித்தோட்டம் | 18 மே 2025, காலை 9.10

அண்ணா சொல்வதோடு இன்னொன்றும் உண்டு. 2009 மே 2, பெப் பார்சிலோனாவின் பயிற்சியாளராக இருந்தபோது, மாட்ரிட் மைதானத்தில் எத்தோவை வலப்பக்கம் தள்ளிவிட்டு மெஸ்ஸியை நடுவில் நிறுத்தினார். பார்சிலோனா 6, ரியல் மாட்ரிட் 2. அந்த ஆட்டம் 2-6 என்று திரும்பியிருந்தால் "பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் சோதனை செய்த 38 வயதுக் கத்துக்குட்டி" என்று அன்றே முடித்திருப்பார்கள். 2023-இல் ஜான் ஸ்டோன்ஸை, ஒரு சென்டர்பேக்கை, நடுக்களத்துக்கு ஏற்றினார். இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் கோப்பை வந்தது. ஏதாவது ஒன்றைக் கலைத்துப் பார்க்காமல் அவரால் இருக்க முடியாது. கோப்பை தந்ததும் அந்தக் குணம்தான், பறித்ததும் அதுதான். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வேண்டாம் என்றால் அவர் வேறு ஆளாகத்தான் இருக்க வேண்டும்.

ஐந்துரோட்டான் | 18 மே 2025, காலை 9.35

அக்கா, நீங்கள் சொன்ன இரண்டு உதாரணங்களையும் கூர்ந்து பாருங்கள். மெஸ்ஸி நடுவுக்கு வந்ததால் நடுக்களத்தில் ஓர் ஆள் கூடினார். ஸ்டோன்ஸ் ஏறியதாலும் ஓர் ஆள் கூடினார். ரோட்ரிக்குப் பக்கத்தில் துணை வந்தது. போர்ட்டோவிலும் வெம்ப்ளியிலும் நடந்தது என்ன? காவலுக்கு இருந்தவரை எடுத்துவிட்டு முன்னே ஓடுகிறவரைச் சேர்த்தது. அவர் நடுக்களத்தைப் பெருக்கியபோது கலைத்ததெல்லாம் பலித்திருக்கிறது. காவலைக் கழற்றியபோது பலிக்கவில்லை. கலைப்பதை நான் எதிர்க்கவில்லை, இந்த ஒரு வகைக் கலைப்பைத்தான் எதிர்க்கிறேன்.

லியோன் ஆட்டத்துக்கு என்னிடம் பதில் இல்லை என்று அண்ணா நினைக்க வேண்டாம். அன்று அவர் பயந்து தேர்ந்தெடுத்தார். அது வேறு நோய்.

பீரங்கிப்படை | 18 மே 2025, முற்பகல் 10.05

பெனால்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே? எங்களுக்கு மகிழ்ச்சி தந்ததே அதுதான்.

பழைய லெஃப்ட்பேக் | 18 மே 2025, முற்பகல் 10.40

பேசுவோம். ஹாலண்ட் இந்தப் பருவத்தில் பெனால்டியில் கண்ட அழகு நமக்குத் தெரியாதா? டிசம்பர் 26, எவர்ட்டனுக்கு எதிராக: பிக்ஃபோர்டு தடுத்தார். மார்ச் கடைசியில் போர்ன்மவுத்துக்கு எதிராக, இதே எஃப்.ஏ. கோப்பையின் காலிறுதியில்: கெப்பா தடுத்தார். அடுத்த பெனால்டியை வேறொருவரிடம் கொடுப்பதில் தப்பு என்ன? யார் அடிப்பது என்பதை மைதானத்தில் அவர்களே பேசித் தீர்த்துக்கொண்டார்கள் என்கிற தொனியில்தான் ஆட்டம் முடிந்ததும் பெப் பேசினார்.

ஐந்துரோட்டான் | 18 மே 2025, முற்பகல் 11.02

அண்ணா, மூலை உதை அடிப்பவர் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பதுவரை தீர்மானிக்கிற மனிதர் அவர். இறுதிப் போட்டியில் பெனால்டி கிடைத்தால் முதல் ஆள் யார் என்பதை மட்டும் வீரர்களிடம் விட்டுவிடுவாரா? மர்மூஷ் ஜனவரியில் வந்தவர். சிட்டிக்காக அவர் அதுவரை பெனால்டிப் புள்ளிக்குப் போய் நின்றவர் அல்ல. ஹெண்டர்சன் பாய்ந்து தடுத்ததைப் பார்த்தால் எந்தப் பக்கம் வரும் என்று படித்துவிட்டு வந்தவர் போலவே இருந்தது. ஹாலண்டுக்கு மனம் இல்லையென்றால் டி புருய்னே இருந்தார்.

விசில்காரர் | 18 மே 2025, மாலை 5.20

நான் ஏற்காட்டில் பள்ளிப் பையன்களுக்குப் பந்து பழக்குகிறவன். காலையிலிருந்து படித்துக்கொண்டுதான் இருந்தேன். கோடை விடுமுறைக்கு வந்த வண்டிக் கூட்டத்தில் மலைப்பாதையில் மாட்டிக்கொண்டதால் எழுத நேரம் கிடைத்தது. பதினான்காவது கொண்டைஊசி வளைவில் நிற்கிறோம்.

நடுக்களம், பெனால்டி எல்லாம் பேசிவிட்டீர்கள். நான் கிரீலிஷ் விஷயத்துக்கு வருகிறேன். சேலத்தில் போட்டி என்றால் எங்கள் வேனில் பதினாறு பேருக்குத்தான் இடம். பயிற்சிக்கு வருகிறவர்கள் இருபதுக்கும் மேல். முந்தின நாள் மாலை பெயரைப் படிக்கும்போது யார் முகத்தையும் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்த்துப் படிப்பேன். பெயர் வராத பையன் உடனே போய்விட மாட்டான். பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாகக் கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பான். "அடுத்த முறை" என்று சொல்வேன். அடுத்த முறையும் அதே பையன் என்றால் மூன்றாவது முறை அவன் பயிற்சிக்கே வரமாட்டான், வந்தாலும் ஓடமாட்டான்.

கிரீலிஷ் நிலை அதுதான். ஏப்ரல் 2 லெஸ்டருக்கு எதிராக ஆரம்பத்திலேயே கோல் அடித்தார். ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து அவருக்கு லீக்கில் கிடைத்த கோல் அது. அதன்பின் தொடர்ந்து இறக்கியிருந்தால் வெம்ப்ளியில் கடைசி கால் மணி நேரத்துக்குத் துணிந்து கூப்பிட்டிருக்கலாம். இறக்கவில்லை. அதனால் அன்று கூப்பிடவும் மனம் வரவில்லை. 76-ஆவது நிமிடத்தில் எடுத்த முடிவு போலத் தெரிகிறது. உண்மையில் அது ஏப்ரலிலேயே எடுத்த முடிவு.

எச்செவெரிப் பையனைப் பற்றி ஒன்று. மோசமாக ஆடவில்லை, ஒரு நல்ல வாய்ப்பும் அவனுக்கு வந்தது, ஹெண்டர்சன் பிடித்துவிட்டார். ஆனால் அந்த வயதில், அந்த மேடையில், முதல் ஆட்டமாக அனுப்புவது பையனுக்குச் செய்யும் உதவி ஆகாது.

வண்டி நகர்கிறது. அப்புறம் வருகிறேன்.

காப்பித்தோட்டம் | 18 மே 2025, மாலை 5.48

விசில்காரர் ஐயா, இரண்டு மணி நேரமாவது ஆகும். சுண்டல் ஏதாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வேன் கணக்கு சிட்டிக்குப் பொருந்தாது. அங்கே எல்லோருக்கும் சம்பளம் வருகிறது.

விசில்காரர் | 18 மே 2025, மாலை 6.10

சம்பளம் வந்தால் கால் ஓடிவிடுமா அம்மா?

மட்டுறுத்துநர் | 19 மே 2025, காலை 9.00

நடுவரைப் பற்றியும் ஹெண்டர்சனின் குடும்பத்தைப் பற்றியும் எழுதப்பட்ட சில பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. அணித் தேர்வைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள்.

பழைய லெஃப்ட்பேக் | 21 மே 2025, காலை 6.50

நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆரம்பித்த போர்ன்மவுத் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு இன்னும் படுக்கவில்லை. 3-1. மர்மூஷ் வெகு தொலைவிலிருந்து அடித்த முதல் கோல் ஒன்றே போதும். டி புருய்னேவுக்குச் சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். கோவாசிச் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். ரோட்ரி செப்டம்பருக்குப் பிறகு முதல் முறையாக மைதானத்தில் கால் வைத்தார். அரங்கமே எழுந்து நின்றது.

அதைவிடப் பெரிய செய்தி ஆட்டம் முடிந்தபின் பெப் பேசியது. அடுத்த பருவத்துக்கு இவ்வளவு பெரிய அணி எனக்கு வேண்டாம், ஐந்தாறு பேரைப் பார்வையாளர் இருக்கையில் உட்காரவைத்துக்கொண்டு என்னால் வேலை செய்ய முடியாது, அணியைச் சுருக்காவிட்டால் விலகிவிடுவேன் என்ற பொருளில் சொல்லிவிட்டார். விசில்காரர் சொன்ன முகத்தைப் பார்க்காமல் பெயர் படிக்கிற சங்கடம் அவருக்கும் இருக்கிறது பாருங்கள்.

ஐந்துரோட்டான் | 21 மே 2025, காலை 8.15

அண்ணா, இந்தப் பேச்சுத்தான் என்னை மறுபடி எழுத வைத்தது. நான்கு நாளாக நாம் ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். பிரச்சினையின் வேர் அங்கே இல்லை, இந்தப் பேச்சில் இருக்கிறது.

2023-24 பருவத்தை எடுத்துக்கொள்வோம். லீக்கில் சிட்டி தோற்றது மூன்றே மூன்று ஆட்டங்கள்: வுல்வ்ஸ், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா. மூன்றிலும் ரோட்ரி இல்லை, தடையில் இருந்தார். பட்டம் வென்ற ஆண்டிலேயே இந்த எச்சரிக்கை வந்துவிட்டது. ஒரு மனிதரின் இடது முழங்காலோ வலது முழங்காலோ போனால் அணியே போய்விடும் என்று ஒரு வருடம் முழுக்கத் தெரிந்திருக்கிறது.

2024 கோடையில் என்ன செய்தார்கள்? அல்வாரெஸை அட்லெட்டிகோவுக்கு விற்றார்கள். சாவின்யோ வந்தார். 33 வயதுக் குண்டோகன் திரும்பி வந்தார். ரோட்ரிக்கு மாற்று என்று ஒருவரும் வரவில்லை. 2022-இல் லீட்ஸிலிருந்து அதற்காகவே வாங்கிய கால்வின் ஃபிலிப்ஸை ஆடவே விடாமல் வெஸ்ட் ஹாமுக்கும் பிறகு இப்ஸ்விச்சுக்கும் கடனாக அனுப்பிவிட்டார்கள். செப்டம்பர் 22, ஆர்சனலுக்கு எதிராக, ரோட்ரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பருவம் அங்கேயே முடிந்தது.

பிறகு நடந்ததை எல்லோரும் பார்த்தோம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் 26 வரை 13 ஆட்டங்களில் ஒரே வெற்றி, ஒன்பது தோல்வி. டாட்டன்ஹாம் நம் மைதானத்துக்கு வந்து நான்கு கோல் போட்டது. ஃபெயனூர்டு ஆட்டத்தில் 3-0 என்று இருந்ததைக் கடைசி கால் மணி நேரத்தில் 3-3 ஆக்கிக் கொடுத்தோம். மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்தை நினைத்தால் இன்னும் எரிகிறது: நடுக்கள வீரரான மத்தேயுஸ் நூனெஸை இடப்பக்கத் தடுப்பில் நிறுத்தினார். 88-ஆவது நிமிடம் வரை 1-0. நூனெஸ் பின்னால் கொடுத்த அரைகுறைப் பாஸ், அதைச் சரிசெய்யப் போய் அமாத் மீது ஃபவுல், பெனால்டி. இரண்டே நிமிடத்தில் அமாத் இன்னொன்றும் போட்டார். நூனெஸைத் திட்டினார்கள். அந்த இடத்தில் அவரை நிறுத்தியது யார்?

சிறிய அணி வேண்டும் என்பது அவருடைய பழைய விருப்பம். எல்லோரும் உடல்நலத்தோடு இருக்கும் வருடத்தில் அது அழகாக இருக்கும். உடைந்த வருடத்தில் ஜனவரியில் ஓடிப்போய் மர்மூஷ், குசனோவ், விட்டோர் ரெய்ஸ், நிக்கோ கொன்சாலஸ் என்று நான்கு பேரை அவசரமாக வாங்க வேண்டியதாகிவிட்டது. நிதானமாகக் கோடையில் ஒருவரை வாங்கியிருந்தால் போதும். அந்த ஒருவர் இருந்திருந்தால் வெம்ப்ளியில் பெர்னார்டோவும் டி புருய்னேவும் காவல் காக்க வேண்டியிருக்காது. இப்போது மறுபடியும் "அணியைச் சுருக்கு" என்கிறார்!

அந்த இடத்துக்கு ஒன்று ரோட்ரி, இல்லாவிட்டால் யாரும் வேண்டாம். இதுதான் அவர் மனதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டாந்தர ரோட்ரி ஒருவரை வைத்து ஆட அவருக்குப் பிடிக்கவில்லை. அதைவிட அந்த இடமே இல்லாத ஓர் ஆட்டத்தைக் கண்டுபிடிப்பது அவருக்குச் சுவாரசியமாக இருக்கிறது.

காப்பித்தோட்டம் | 21 மே 2025, காலை 9.40

கடைசிப் பத்தி சரியான அடி. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நூனெஸ் கதையை அங்கேயே நிறுத்தியது நியாயம் இல்லை. அதே நூனெஸ் பிறகு வலப்பக்கத் தடுப்பில் ஒழுங்காகவே ஆடினார். நடுக்களப் பையனான நிக்கோ ஓ'ரைலியை இடப்பக்கத் தடுப்பாக மாற்றியதும் இதே பெப்தான். போர்ன்மவுத் காலிறுதியில் இரண்டு கோலுக்கும் பந்து கொடுத்தது அந்தப் பையன். ஆளை இடம் மாற்றுவதில் அவருக்கு இருக்கும் கை வேறு யாருக்கும் இல்லை. டிசம்பரில் செய்த தவறை ஏப்ரலில் திருத்தினார்.

கோடையில் ஆள் வாங்காததை அவர் ஒருவர் தலையில் கட்டுவதும் சரியில்லை. வாங்குவது விற்பது எல்லாம் அப்போது டிக்கி பெகிரிஸ்டைன் கையில் இருந்த வேலை.

ஐந்துரோட்டான் | 21 மே 2025, காலை 9.58

பெகிரிஸ்டைன் பார்சிலோனா காலத்திலிருந்து அவருடைய ஆள் அக்கா. பெப் ஒருவரைக் கட்டாயம் வேண்டும் என்று கேட்டு அந்தக் கிளப் மறுத்துவிட்டது என்பதை நம்ப நான் தயாரில்லை.

பீரங்கிப்படை | 21 மே 2025, முற்பகல் 10.15

ஐந்து வருடமாகப் பெரிய கோப்பை இல்லாத நாங்கள் எங்கள் பயிற்சியாளரைத் தெய்வம் என்கிறோம். நீங்கள் 18 கோப்பை வாங்கியவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். இடம் மாறிக்கொள்ளலாமா?

பழைய லெஃப்ட்பேக் | 21 மே 2025, முற்பகல் 10.22

வேண்டாம்.

விசில்காரர் | 25 மே 2025, இரவு 11.10

ஃபுல்ஹாம் 0, சிட்டி 2. மூன்றாம் இடம், 71 புள்ளி. சாம்பியன்ஸ் லீக் இடம் உறுதி. குண்டோகன் தலைக்கு மேல் காலைத் தூக்கி அடித்த கோலை என் பையன்களிடம் நாளை காட்டக் கூடாது. காட்டினால் எல்லோரும் கழுத்தை முறித்துக்கொள்வார்கள்.

இரண்டு விஷயங்களைக் கவனித்தீர்களா? இரண்டாம் பாதியில் பெனால்டி கிடைத்தது. ஹாலண்ட் பந்தை எடுத்துக்கொண்டு நேராகப் போனார், அடித்தார், கோல். எட்டு நாளுக்கு முன்பு இதைச் செய்திருக்கலாம். இரண்டாவது: கிரீலிஷ் மாற்று வீரர் பட்டியலில்கூட இல்லை.

பழைய லெஃப்ட்பேக் | 25 மே 2025, இரவு 11.25

பட்டியலிலேயே இல்லையென்றால் கதை முடிந்தது என்று பொருள். கோடையில் போய்விடுவார். போகட்டும், 29 வயதுதான் ஆகிறது, வேறெங்காவது ஓடுவார்.

ஐந்துரோட்டான் தம்பி, உங்கள் கட்சிக்கு ஒன்று சேர்த்துத் தருகிறேன். இந்த மாதம் 10-ஆம் தேதி சவுத்ஹாம்டன் ஆட்டம் 0-0. தரவரிசையில் கடைசி அணி, எப்போதோ கீழ்நிலைக்கு இறங்கிவிட்ட அணி. அன்று பத்துப் பேரும் பின்னால் நின்றுகொண்டார்கள், நம்மால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஒரு வாரம் கழித்து வெம்ப்ளியில் முன்கள ஆட்களாகவே பெப் குவித்ததற்கு அந்த ஆட்டம்தான் காரணம் என்று எனக்குப் படுகிறது. பேலஸும் அப்படித்தான் கதவைச் சாத்திக்கொள்ளும் என்று நினைத்திருப்பார். சாத்திக்கொண்டார்கள், ஆனால் சவுத்ஹாம்டனிடம் எஸே இல்லை.

ஐந்துரோட்டான் | 25 மே 2025, இரவு 11.40

இது எனக்குத் தோன்றவே இல்லை அண்ணா. சவுத்ஹாம்டன் ஆட்டத்தை இன்றிரவே திரும்பப் பார்க்கிறேன்.

ஜூனில் அமெரிக்காவில் கிளப் உலகக் கோப்பை இருக்கிறது. ரோட்ரி எத்தனை நிமிடம் ஆடுகிறார், அவர் ஆடாத நேரத்தில் அந்த இடத்தில் யார் நிற்கிறார் என்பதை மட்டும் குறித்து வைப்போம். புதிதாக யாரையாவது வாங்கியிருந்தாலும் சரி, நிக்கோ கொன்சாலஸ் என்றாலும் சரி. மறுபடி பெர்னார்டோ என்றால் இந்த இழையிலேயே தொடர்கிறேன்.

காப்பித்தோட்டம் | 25 மே 2025, இரவு 11.52

அந்த ஆட்டங்கள் நம் நேரத்துக்கு எத்தனை மணிக்கு? நள்ளிரவுக்குப் பின் என்றால் இங்கே மின்சாரத்துக்கு யார் பொறுப்பு?